ஆணியில் தொங்கிய சட்டை

உள்ளே ஆள் இல்லாத ஒரு சட்டைக்கு வேர்த்து நான் பார்த்திருக்கிறேன். அக்குளில் இரண்டு பொட்டு, கழுத்துப்பட்டையில் ஒரு கோடு என்று கஞ்சத்தனமாக அல்ல. மூட்டை சுமந்து மலையேறியவன் சட்டை மாதிரி முதுகு, மார்பு, கை நுனி வரைக்கும். பிழிந்திருந்தால் ஒரு வாளி நிறைந்திருக்கும். பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள், ஏசி ஓடிக்கொண்டிருந்த அறையில், பட்டப்பகலில்.

சரி, அரை வாளி. என்னைத் தெரிந்தவர்கள் நான் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்வது வழக்கம். வேலை பார்த்த இடமெல்லாம் எனக்கு 'ரெட்டிப்பு' என்றுதான் பெயர். நான் இரண்டு பாம்பு என்றால் ஒரு பாம்பு. ஒரு பாம்பு என்றால் அது அரணை. என் மனைவி கல்யாணமான புதிதிலேயே கணக்கைப் பிடித்துவிட்டாள். "உனக்காக உயிரையே கொடுப்பேன்" என்று நான் ஒரு நாள் உருகியபோது, "பாதி உயிரை வச்சுக்கிட்டு என்ன செய்வீங்க, காய் நறுக்குங்க" என்றாள்.

இருந்தாலும் அந்தச் சட்டைக்கு வேர்த்தது. பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டில் உட்காருவதற்கு முன் நான் செய்த கடைசிப் பெரிய வேலை அது. வெப்பத்தையும் ஈரத்தையும் அளக்கும் சென்சார்களைப் பொருத்துவது என் தொழில். சோப்புக்கட்டி அளவில் வெள்ளைப் பெட்டிகள். நான் பொருத்தினால் பக்கத்துத் தெருவில் ஒருத்தி துணி உலர்த்துவதைக்கூட அந்தப் பெட்டி சொல்லும். மருந்துக் கிடங்கு, குளிர்பதனக் கூடம், பிணவறை எல்லாம் பார்த்தவன். மியூசியம் மட்டும்தான் பாக்கி இருந்தது. கடைசியில் அதுவும் வந்தது. எந்த மியூசியம் வரக்கூடாதோ அதுவே வந்தது.

கடலில் கவிழ்ந்த ஒரு பயணிகள் படகின் மிச்சங்களை வைத்திருக்கும் இடம் அது. வாசலில் கருங்கல் சுவர். அதில் இறந்தவர்களின் பெயர்கள். உள்ளே கண்ணாடிப் பெட்டிகளில் கடல் திருப்பிக் கொடுத்த சாமான்கள். மூக்குக்கண்ணாடி, பள்ளிக்கூடப் பை, பால்புட்டி, ஒற்றைச் செருப்புகள். கடலுக்கு ஜோடி சேர்த்துக் கொடுக்கும் பழக்கம் கிடையாது. கடைசி அறையில் ஒரே ஒரு பெட்டி. அதில் ஒரு வெள்ளைச் சீருடைச் சட்டை, பக்கத்தில் ஒரு தொப்பி. கீழே பித்தளைத் தகட்டில் இப்படி எழுதியிருந்தது: 'படகில் ஏறாமல் தப்பி ஓடிய ஓட்டுநரின் சட்டையும் தொப்பியும். விபத்துக்குப் பின் கரை அறையில் ஆணியில் தொங்கிய நிலையில் கிடைத்தவை.'

அந்த ஓட்டுநர் என் தங்கச்சி வீட்டுக்காரர்.

படகுக் கம்பெனி விசாரணையில் சொன்ன கதை இதுதான்: ஓட்டுநர் சீருடையைக் கழற்றி மாட்டிவிட்டு எவளோடோ போய்விட்டான், அனுபவமில்லாத உதவியாள் தானாகப் படகை எடுத்தான், கவிழ்த்தான். உதவியாளும் செத்துப்போனதால் மறுத்துப் பேச ஆளில்லை. அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றிய பேச்சு அதோடு அமுங்கிப்போனது. மாப்பிள்ளையின் உடம்பு கிடைக்கவில்லை. சட்டை கிடைத்தது, தேய்த்து மடிப்புக் கலையாமல். ஓடிப்போனவனுக்கு அதைவிட நல்ல சாட்சி எது? சுவரில் அவர் பெயர் இல்லை. தெருவில் என் தங்கச்சிக்கு 'ஓடுகாலி பெண்டாட்டி' என்று பெயர். தையல் தெரிந்தவள், பிறகு ஒருத்தரும் அவளிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்கவில்லை. செத்தவர்கள் வீடு எல்லாத் தெருவிலும் இருந்தது. கிழிந்த திரைச்சீலைகளைத்தான் கொடுத்தார்கள், அதுவும் ஆள் விட்டு.

அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான். "அந்தச் சுவத்துல அவர் பேரு வரணும், அண்ணா. கடைசி வரியில, சின்ன எழுத்துல இருந்தாக்கூடப் போதும்."

நான் கருவிப் பையோடு மியூசியத்துக்குள் நுழைந்த அன்றே வாட்ச்மேன் என்னை அடையாளம் கண்டுகொண்டார். இரும்புக் கம்பியை முறுக்கினது மாதிரி உடம்பு. சிரிக்கிற வாய் இல்லை, ஆனால் குத்துகிற நாக்கு உண்டு.

"ஓடுகாலியோட மச்சான்தானே நீ? ரெட்டிப்பு?"

"ஆமாங்க. பேரும் புகழும் எனக்கு முன்னாலயே வந்துடுச்சு போல."

"அந்த ஆளு ஓடின வேகத்தையும் ரெட்டிப்பாச் சொல்லேன், கேப்போம்."

நான் பையைத் திறந்து திருப்புளியைத் தேடினேன். இரண்டாவது அறையில் இருந்த சிவப்புச் செருப்பு அவர் மகளுடையது. அந்தக் கண்ணாடியை மட்டும் கூட்டுகிற அம்மாவைத் தொடவிட மாட்டார்; தன் வேட்டி நுனியாலேயே துடைப்பார்.

சென்சார் வந்ததே அந்தச் செருப்பால்தான். முந்தின மழைக்காலத்தில் ஏசி பழுதாகி, செருப்புக்கு அடியில் ஈரம் கோத்து நின்றதாம். வாட்ச்மேன் தலையில் அடித்துக்கொண்டு, "எம் பொண்ணுக்கு வேர்க்குது, எம் பொண்ணுக்கு வேர்க்குது" என்று கத்தியிருக்கிறார். பொருள்களைப் பராமரிக்கும் மேடம் ஓடிவந்து பார்த்துவிட்டு, இனி அளவு தெரியாமல் ஒரு பொருளையும் வைக்கக்கூடாது என்று மேலிடத்தோடு சண்டை போட்டு எங்களை வரவழைத்தார். அந்த மேடத்துக்கு நான் வைத்த பெயர் 'தெர்மாமீட்டர்'. கண்ணால் பார்த்தால் பத்தாது, எண்ணில் காட்டினால்தான் நம்புவார். என்னைப் போன்றவனுக்கு எமன்.

பெட்டிக்கு ஒரு சென்சார், அறைச் சுவருக்கு ஒன்று. வாசல் பக்கம் கூடாது, ஏசி காற்று அடிக்கிற இடம் கூடாது, வெயில் படுகிற சுவர் கூடாது. பெண் பார்க்கிற வீட்டில்கூட இத்தனை குறை சொல்ல மாட்டார்கள். பொருத்தி முடித்த வாரமே கூட்டுகிற அம்மா ஒரு சென்சாரை ஈரத்துணியால் பளபளவென்று துடைத்துவிட்டார். திரையில் கோடு கூரையில் முட்டி நின்றது. இன்னொன்றின் மேல் வாட்ச்மேன் நனைந்த குடையை மாட்டினார். அந்த அறையில் கடல் புகுந்துவிட்டதென்று மேடம் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

சென்சார் உண்மை சொல்கிறதா என்று சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. அடுக்களை உப்பைக் கொஞ்சம் நீர் விட்டுச் சேறு மாதிரி குழைத்து, மூடியில் வைத்து, சென்சாரோடு ஒரு டப்பாவுக்குள் அடைத்துவிட வேண்டும். டப்பாவுக்குள் ஈரம் எழுபத்தைந்தில் வந்து நிற்கும். உப்பின் குணம் அது. காற்றில் ஈரம் அதற்கு மேல் போனால் உப்பு தண்ணீரைக் குடிக்கும், குறைந்தால் கக்கும். மழைநாளில் உப்பு ஜாடி கசிவது அதனால்தான். உலகத்தில் என்னைவிட நம்பகமான பொருள் உப்பு என்று மேடம் ஒரு முறை சொன்னார். புளியும் மிளகாயும்கூட அப்படித்தான் என்றார் வாட்ச்மேன்.

பெட்டிக்குள் ஈரம் ஏறாமல் இருக்க, ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் இழுப்பறை. அதில் ஈரம் குடிக்கும் மணிகள். காய்ந்தால் ஆரஞ்சு நிறம், குடித்து நிறைந்தால் பச்சை. பச்சையானால் எடுத்து அடுப்பில் காயவைத்துத் திரும்பப் போட வேண்டும். மேலே கண்ணாடிக் கதவுக்குப் பூட்டும் அரக்கு முத்திரையும் உண்டு, சாவி மேடத்திடம். கீழ் இழுப்பறைக்கு ஒரு திருகாணிதான். மணி மாற்றுகிற வேலை வாட்ச்மேனுடையது.

ஒரு நாள் காலையில் திரையில் எல்லாக் கோடுகளும் படுத்திருக்க, ஒரே ஒரு கோடு மட்டும் எழுந்து நடந்தது. கடைசி அறை, ஓட்டுநர் பெட்டி. அறுபது, எழுபது, எழுபத்தெட்டு.

"உங்க சென்சார் கெட்டுப்போச்சு" என்றார் மேடம்.

"எண்பதைத் தாண்டிடுச்சு மேடம்!"

"நாப்பதுன்னு எடுத்துக்குங்க மேடம்" என்றார் வாசலில் நின்ற வாட்ச்மேன். "மாட்டினவன் வாகுதான் மாட்டின பெட்டிக்கும்."

அதே வகைச் சென்சார் ஒன்று முந்தின நாளிலிருந்தே உப்பு டப்பாவில் இருந்தது; அதை மேடத்திடம் காட்டினேன். எழுபத்தைந்து, முடி பிசகவில்லை. மேடத்தின் சாவியை வாங்காமலே கடைசி அறைக்கு ஓடினேன். ஓட்டப்பந்தயத்தில் குதிரை தோற்றிருக்கும். மேடம் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தார், அது வேறு.

கண்ணாடியில் மூச்சுப் பட்டது போல லேசாக ஆவி பூத்திருந்தது. உள்ளே சட்டை. தேய்த்து விறைத்து நின்ற வெள்ளைச் சட்டை இப்போது சாம்பல் நிறத்தில் தொங்கிப்போயிருந்தது. தோள் நனைந்திருந்தது. மார்பு நனைந்திருந்தது. வலது கை நுனியிலிருந்து ஒரு சொட்டு விழுந்ததை நான் பார்த்தேன். பக்கத்தில் தொப்பி கல் மாதிரி காய்ந்து கிடந்தது.

என் வாயிலிருந்து வந்த ஒரே வார்த்தை "மாப்பிள்ளை". ஒரு சட்டையைப் பார்த்து அப்படிக் கூப்பிட்டுவிட்டேன்.

மேடம் கீழ் இழுப்பறையைத் திறந்தார். மணிகள் எல்லாம் பச்சை. பச்சை மட்டுமா, அடித்தட்டில் தண்ணீர் நின்றது. காற்றிலிருந்து அவ்வளவு குடிக்க முடியாது. யாரோ ஊற்றியிருந்தார்கள். மேடம் மெதுவாகத் திரும்பி என் சட்டைப்பையைப் பார்த்தார். திருப்புளி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏன் இப்படிச் செஞ்சீங்க?"

"நானா? சத்தியமா இல்லை மேடம்."

"உங்க சத்தியத்துல எத்தனை பங்கைக் கழிக்கிறது?"

வாட்ச்மேன் சுவரோரம் நின்றிருந்தார். எப்போதும் முதலில் குத்துகிற நாக்கு அன்று மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் அதைக் கவனித்தேன் என்று சொன்னால் பொய். அப்போது எனக்கு என் மானம்தான் பெரிதாகத் தெரிந்தது.

என்னை வெளியே அனுப்பியிருக்க வேண்டியவர் மேடம். அனுப்பவில்லை. நனைந்த சட்டையையும் காய்ந்த தொப்பியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு முத்திரையை என் கண்ணெதிரே ஆராய்ந்தார். அரக்கில் கீறல் இல்லை. அதை உடைத்துத் திறந்து, தொப்பியின் உள்விளிம்பைத் தொட்டார். நெற்றி படுகிற பட்டையில் மட்டும் துளி ஈரம்.

"ஒரே பெட்டி, ஒரே காத்து" என்றார் தனக்குத்தானே. "தொப்பியில வேர்வை உப்பு, ஓரத்துல மட்டும். சட்டையில எல்லா இடத்துலயும். முழங்கை மடிப்புல, பட்டன் ஓட்டையில, தையலுக்கு உள்ள. ஒரு மனுஷனுக்கு இப்படியெல்லாம் வேர்க்காது." வெள்ளைத் தாளைச் சட்டையின் வால்பகுதியில் ஒற்றி எடுத்தார். அது ஜன்னலோரம் காய்ந்தபோது தாளில் பொடிப்பொடியாக மின்னியது. ஆய்வகத்துக்குப் போய் வந்த பதில் ஒற்றை வரி: கடல் உப்பு.

"கரை அறையில ஆணியை விட்டு இறங்காத சட்டை" என்றார் மேடம், "எப்படி முழுசாக் கடல்ல முங்குச்சு?"

இதில் கழிக்க ஒன்றும் இல்லை.

ஆய்வகப் பதில் வந்த அன்று மாலை தங்கச்சி வீட்டுக்குப் போனேன். தையல் மெஷினில் யாரோ வீட்டுத் திரைச்சீலை பாதி ஓடி நின்றிருந்தது. நான் சொன்னதை அவள் ஊசியைக் கையில் வைத்தபடியே கேட்டாள். சட்டை விறைப்பாக இருந்ததால் கஞ்சி போட்டுத் தேய்த்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள் என்றேன்.

"நான் அவருக்குக் கஞ்சியே போட மாட்டேன், அண்ணா. கழுத்துல அறுக்குதும்பாரு."

அது உப்பின் விறைப்பு. உப்புத் தண்ணீரோடு காயவைத்து, அலசக்கூட நேரமில்லாமல் மேலேயே இஸ்திரி போட்டுக் கம்பெனி ஆட்கள் ஆணியில் மாட்டியிருக்கிறார்கள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்து வந்த முட்டாள் நான். அவள் திரைச்சீலையை மெஷினிலிருந்து உருவி மடித்து வைத்தாள். பிறகு கேட்டாள்.

"மாட்டுறதுக்கு முன்னாடி யாரோ கழட்டியிருக்கணுமில்ல?"

அவளே தொடர்ந்தாள்.

"மண்டபத்துல வரிசையாப் படுக்க வச்சிருந்தாங்க, அண்ணா. முகமெல்லாம் மீன் விட்டு வைக்கல. நான் முகத்தைப் பார்க்கவே இல்லை. சட்டையைத்தான் தேடிக்கிட்டே போனேன். ரெண்டாவது பட்டன் நான் கறுப்பு நூல்ல தைச்சது, அன்னிக்குக் காலையில வெள்ளை நூல் தீர்ந்துபோச்சு. அதைத்தான் தேடினேன்." ஊசியைத் துணியில் குத்தினாள். "ஒருத்தர் சட்டையில்லாமப் படுத்திருந்தாரு. நான் தாண்டிப் போயிட்டேன்."

அடையாளம் தெரியாதவர்களையெல்லாம் ஒரே குழியில் போட்டு மூடினார்கள். அவள் அந்தக் குழிக்கு ஒரு பூகூடக் கொண்டுபோனதில்லை. அது மற்றவர்களுடைய குழி என்று நினைத்திருந்தாள்.

மியூசியத்தின் குழு கூடியது. பெயரைச் சுவரில் சேர்ப்பதும், தகட்டை மாற்றுவதும், பழைய விசாரணையைத் திறக்கச் சொல்லி எழுதுவதும் அவர்கள் கையில். நீண்ட மேசை, தலைவர், இரண்டு பக்கமும் பெரிய மனிதர்கள். ஓரத்தில் தங்கச்சி, முந்தானையை இழுத்துப் போர்த்தி. கதவருகில் வாட்ச்மேன். கம்பெனி சார்பில் ஒரு வக்கீல். எண்ணெய் தடவின குரல்.

மேடம் எண்களையும் கோடுகளையும் வரிசையாகக் காட்டினார். உப்புத் தாளைக் காட்டினார். இரண்டாவது பட்டனில் இருந்த கறுப்பு நூலைக் காட்டினார். எனக்கே கைதட்டத் தோன்றியது. வக்கீல் எழுந்து முதலில் எனக்குக் கும்பிடு போட்டார்.

"இவரை ஊர்ல என்னன்னு கூப்பிடுவாங்க, தெரியுமா?"

மேசையைச் சுற்றிச் சிரிப்பு.

"சென்சாரை மாட்டினது யாரு? இவரு. உப்புக் கரைசல் கலக்குறது யாரு? இவரு. இழுப்பறையைத் திறக்கிற திருப்புளி யார் பையில? ஓட்டுநருக்கு இவர் யாரு? மச்சான். முதல்ல சட்டையைப் பெட்டியில வைக்கும்போதும் பிறகும் இவர் கை படவே இல்லைன்னு யார் சொல்றது? பெட்டிக்குள்ள உப்புத் தண்ணியை ஊத்தி, அதைச் சட்டை குடிக்க வச்சு, கடல்னு சொல்லிட்டாரு. பெரிய வித்தைதான், பாராட்டுறேன்."

"உப்பு ஆவியாப் பறந்து மேலே போய் ஒட்டாது" என்றார் மேடம். "தண்ணிதான் போகும். அது அடிப்படை. முத்திரையும் உடையல."

"அடிப்படையெல்லாம் சரி மேடம். முத்திரை உடையலைன்னு நீங்க சொல்றீங்க, அன்னிக்குப் பக்கத்துல இருந்ததும் இவரு. தானா வேர்த்ததைப் பார்த்த ஆள், சம்பந்தப்படாத ஒரே ஒரு ஆள், இருக்கா?"

தலைவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடினேன். அந்த அறையில் நான் எந்த உண்மையைச் சொன்னாலும் அது பாதிதான். என் மாப்பிள்ளை பாதி செத்தவராகவே நின்றுவிடுவார். தங்கச்சி என்னைப் பார்க்கவில்லை. தன் கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் இருக்கேன்" என்றது கதவருகில் ஒரு குரல்.

வாட்ச்மேன் முன்னால் வந்தார். மேசையருகில் நிற்கத் தெரியாமல் நின்றார்.

"மணியில தண்ணி ஊத்தினது நான்தான். நல்ல தண்ணி, குழாய்த் தண்ணி. இந்த ஆளுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை."

"எதுக்காக ஊத்தினீங்க?" என்றார் தலைவர்.

"பூஞ்சை பிடிச்சு அழியட்டும்னு. எம் பொண்ணு செருப்பு ஈரத்துல கெடக்குது, அவளைக் கொன்னுட்டு ஓடினவன் சட்டை மட்டும் மடிப்புக் கலையாம நிக்குது. தெனமும் எதிர்ல உக்காந்து அதைப் பார்க்கணும் நான். வயிறு எரிஞ்சுச்சு, ஊத்தினேன்."

மேடத்தின் முகம் கல்லானது. வேலை போய்விட்டது என்று அந்த முகத்திலேயே எழுதியிருந்தது. வாட்ச்மேன் அதைப் படித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"ஊத்திட்டு எதிர்ல ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தேன். முத்திரை எம் மூக்குக்கு நேரா இருந்துச்சு, ஒருத்தரும் தொடல. கொஞ்சம் கொஞ்சமாக் கறுத்துச்சு. தொப்பி சும்மா இருந்துச்சு. சட்டை மட்டும். பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு ஐயா. எம் பொண்ணு செருப்பும் மழைக்காலத்துல அப்படித்தான் செய்யும். கடல் குடிச்ச பொருளுக்குத்தான் வேர்க்கும். தெரிஞ்சும் நான் சொல்லல. சொன்னா, அவரும் என் பொண்ணோட சேர்ந்து செத்தவராயிடுவாரு. பிறகு நான் யாரைத் திட்டுறது?"

வக்கீல் எழுந்தார். "இவரும் நம்ம ரெட்டிப்போட சேர்ந்துட்டாரு போலிருக்கே..."

வாட்ச்மேன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. என் தங்கச்சி இருந்த நாற்காலியைப் பார்த்துத்தான் பேசினார்.

"இவன் எது சொன்னாலும் பாதியைக் கழிப்போம்மா. இதுல கழிக்க வேண்டாம். சட்டைக்கு வேர்த்துச்சு. நான் பார்த்தேன்."